குப்புறப் போடச் சொன்னது நான்

என் பிரியமுள்ள தனம் அக்கா,

உன் மல்லிகாவுக்கு ஆண் குழந்தை பிறந்து இருபத்தோரு நாள் ஆகிறது. நீ கண்ணை மூடி நாலு மாதம். நீ செய்திருக்க வேண்டியதை எதிர்வீட்டுக்காரி நான் செய்கிறேன். வெந்நீர், துணி, பத்தியச் சமையல், அப்புறம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. உடம்பு அசந்துபோகிறது அக்கா.

நேற்று மத்தியானம் பள்ளி விட்டு வந்தேன். குழந்தை தனியே மூலையில், பட்டுக் கழிவு திணித்த மெத்தையில் குப்புறக் கிடந்தான். தறியில் அறுந்து விழும் நூலையெல்லாம் சேர்த்து நீங்கள் தைப்பீர்களே, கை வைத்தால் புதையும், அந்த மாதிரி மெத்தை.

"பக்கத்துல போட்டுக்கலையாடி?"

"பயமா இருக்குது சித்தி. எங்கம்மா தூக்கத்துல தம்பிய அமுக்கிட்ட மாதிரி நானும் அமுக்கிட்டா?"

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் தெரு சொன்னது அவளிடம் அப்படியே இருக்கிறது. நீயும் மறுக்கவில்லை. "தூங்கிக்கினு இருந்தேன், என்னா ஆச்சின்னு எனக்கே தெரியலையே" என்றாய். அதற்குப் பிறகு காமாட்சி கோயில் பக்கமே நீ போகவில்லை.

எனக்குத் தெரிந்ததை நானாவது சொல்லியிருக்கலாம். மல்லாக்கப் படுத்தால் பால் புரையேறும், குப்புறப் போடு என்று ஏதோ ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துவிட்டு உனக்குச் சொன்னவள் நான். "பெத்துக்கவே இல்ல, புள்ள வளக்கச் சொல்லித் தர்றா பாரு பி.ஏ." என்று சிரித்தாய். சிரித்துவிட்டு அப்படியே செய்தாய்.

நான் சொன்ன நாலாம் நாள் விடிந்ததும் மோர் கேட்டு வந்த நான்தான் அவனைத் தூக்கினேன். முகம் மெத்தையில் புதைந்திருந்தது. நீ ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தாய்.

குப்புறப் போட்டதால்தான் போனானா? டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை. பிறகு நான் தேடிப் படித்ததில், குப்புறப் போட்டால் ஆபத்து கூடும் என்று மட்டும் இருந்தது. ஆனால் நீ அமுக்கவில்லை. இந்த ஒரு வார்த்தையை உன்னிடம் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை?

நேற்று மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெத்தையை எடுத்துவிட்டு, பாயில் வேட்டியை இறுக்கி விரித்து, தலையணை இல்லாமல், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் அவனை மல்லாக்கப் போட்டேன்.

"எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே சித்தி" என்றாள்.

இன்று காலை கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

இனி எந்தப் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனாலும் குப்புறப் போடாதீர்கள் என்று சொல்வேன். ஏன் என்று கேட்பார்கள். தனம் தன் பிள்ளையை அமுக்கவில்லை என்று அங்கிருந்து ஆரம்பிப்பேன்.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
சரசு