பூனைக்கண்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஷூ டப்பாவில் ஊசியால் ஓட்டை போட்டு, எதிர்ப்பக்கத்தை வெட்டி எண்ணெய் தடவிய காகிதம் ஒட்டினேன். போர்வைக்குள் வைத்துப் பார்த்தால் எதிர்வீட்டு வண்டி, கொடியில் காயும் லுங்கி எல்லாம் தலைகீழ். பத்தாவதைப் பாதியில் விட்டதிலிருந்து ஃபோனில் பார்த்து இப்படி ஒவ்வொன்றாகச் செய்கிறேன். இங்கே யாரும் என்னை எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வதில்லை.

"இந்தப் புழுக்கத்துல போர்வைக்குள்ள இன்னாடி பண்ணிக்கினு கீற?" திலகா அக்கா பாப்பாவை என் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். பாப்பாவுக்கு ஐந்து மாதம். ஆடி முடிந்து, 29ஆம் தேதி அக்காவின் மாமியார் வாலாஜாபாத்திலிருந்து வந்து இரண்டு பேரையும் அழைத்துப் போகிறார்.

ஆகஸ்ட் 14

கண்ணாடி முன்னால் டார்ச் அடித்தேன். கண்ணின் நடுவிலிருக்கும் கறுப்பு வட்டம் சட்டென்று சுருங்குகிறது. அக்காவுக்கும் அப்படியே. பாப்பாவுக்குப் பக்கவாட்டில் லேசாகக் காட்டினேன். வலது கண்ணில் கறுப்பு. இடது கண்ணில் அந்த இடம் கஞ்சித்தண்ணி மாதிரி.

அக்கா சிரித்தாள். "ஃபோட்டோலகூட அந்தக் கண்ணு மினுங்குது பாரு. பூனைக்கண்ணுன்னு எங்க மாமியாருக்கு ஒரே பெருமை."

பூனைக்கண் ஒரு பக்கம் மட்டும் வருமா?

ஆகஸ்ட் 16

உள்ளங்கையால் பாப்பாவின் இடது கண்ணை மறைத்தேன். கிலுகிலுப்பையைப் பார்த்துச் சிரித்தாள். வலது கண்ணை மறைத்தேன் — அழுதாள், கையைத் தள்ளினாள். மாற்றி மாற்றிச் செய்தேன். அதேதான்.

ஆகஸ்ட் 17

அம்மாவிடம் சொன்னேன். அம்மா குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணா பொறந்ததுக்கே அந்தம்மா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீது. இதுல கண்ணு சரியில்லன்னு வேற சொல்லணுமா? கூட்டிக்கினு போவட்டும். அப்பால பாத்துக்கலாம். நீ வாயத் தொறக்காத."

"பத்தாவதே முடிக்கல, டாக்டராட்டம் பேசுறா" என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பாப்பாவின் அழுகை கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அவளும் மறைத்துப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 21

அக்கா என்னோடு பேசுவதில்லை. பாப்பாவையும் தருவதில்லை.

ஆகஸ்ட் 25

ஃபோனில் தேடினேன். நாள் தள்ளத் தள்ள மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாமலே போய்விடுமாம். நாளைத் தள்ளுவது யார்? நானும்தானே. ஒரு வார்த்தை — அதுகூட வராதா எனக்கு?

ஆகஸ்ட் 29, வெள்ளி



மாமியார் பாப்பாவை மடியில் வைத்துக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. போய் பாப்பாவின் வலது கண்ணை மூடினேன். வீறிட்டாள்.

"இன்னாடி பண்ற, புள்ளைய அழ வெச்சிக்கினு?" மாமியார் அதட்டினார்.

இடது கண்ணை மூடினேன். அழுகை அடங்கி, கிலுகிலுப்பைக்குக் கை நீட்டினாள். மறுபடி வலது. மறுபடி அழுகை. அம்மா வாசற்படியிலிருந்து என்னை முறைத்தாள்.

மாமியார் கிலுகிலுப்பையைக் கீழே வைத்தார். என் கையை விலக்கிவிட்டுத் தானே மூடிப் பார்த்தார்.  பிறகு அம்மாவிடம், "மறைச்சி அனுப்பப் பாத்தீங்களா, சம்மந்தி?"

 அக்கா அழ ஆரம்பித்தாள்.

"அழுவுறத வண்டில அழுவு." மாமியார் வெளியே நின்ற மகனைக் கூப்பிட்டார். " தினகரா, ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடு. சாப்பாடு கெடக்கட்டும்."

நான் பாத்திரம் விளக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். செய்தது சரியா? அக்காவுக்கு இனி அந்த வூட்ல இன்னா பேச்சு விழுமோ.

செப்டம்பர் 2

ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள்; நானும் கூடப் போனேன். பிறவிப் புரை, ஆபரேஷன் செய்ய வேண்டும். "இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. அக்கா தரையைப் பார்த்தாள். நானும்.

செப்டம்பர் 9

ஆபரேஷன் முடிந்தது. அக்கா ஃபோன் செய்தாள். "பால் குடிச்சா. தூங்குறா." அப்புறம் பாப்பாவின் மூச்சு எனக்குக் கேட்கிற மாதிரி ஃபோனை அவளருகே பிடித்தாள்.

அக்டோபர் 13, திங்கள்

அக்கா, அம்மா, நான் — செக்கப்புக்குப் போய் வந்தோம். பாப்பாவுக்குக் கண்ணாடி மாட்டினார்கள். தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூட வேண்டும். எவ்வளவு பார்வை வரும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, இத்தினிகூண்டு புள்ளைக்குக் கண்ணாடி?"

அக்கா தலையைக் குனிந்தாள். அம்மாவின் கை முந்தானைக்குப் போனது. பாப்பாவின் முகத்தை மூடப் போகிறாள் என்று நினைத்தேன்.

முந்தானை நுனியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டு, "பொரை இருந்திச்சி. எடுத்தாச்சி" என்றாள்.