சூரியகுலம் வேண்டாம் என்றவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

"எருமை மேய்க்கிறவனுக்கா வாக்கப்படுறே?" என்று கேட்டுவிட்டு என் கல்யாணத்துக்கே நீ வரவில்லை. அவர் நாற்பது குதிரைக்காரர்களோடு கிளம்பி, பியாஸ் ஆற்றின் இந்தக் கரை முழுவதையும் பிடித்தார், கோட்டையும் கட்டினார். போன மாதம் ஒரு பாணர் வந்து, எங்கள் வம்சம் சூரியகுலம் என்று பாடினார். இவர் சிரித்துவிட்டார்.

"சூரியனுக்கும் எங்களுக்கும் ஒரே சொந்தந்தான் பாணரே. எருமை மேய்க்கையில எங்கப்பா முதுகைச் சுட்டுச்சு. அதைப் பாடுங்க."

செவ்வாயன்று போர்க்களத்திலிருந்து அவருடைய குதிரை மட்டும் திரும்பி வந்தது.

எங்கள் மகன் மெஹரைத் தலைவனாக்க படையை நடத்தும் சர்தார்கள் சம்மதித்துவிட்டார்கள். அவனுக்கு இன்னும் மீசை அரும்பவில்லை. பட்டம் கட்டும் தலைப்பாகை தாய்மாமன் வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது வழக்கம். இங்கே பட்டுக்குக் குறைவில்லை, நான்தான் தொடவிடவில்லை. முரட்டுப் பருத்தியானாலும் சரி, நீயே வந்து அவன் தலையில் கட்டு.

உன் தங்கை