தானாகச் சரியானது

மார்ச் 4

சோதனையில் நான் உருவாக்கிய ஏஐ மாடலுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. ஆம்புலன்ஸ் அழைப்புகள் வரும் நெட்வொர்க்கின் மூன்றாண்டுப் பதிவுகளைக் கொடுத்துப் பழக்கியது. வெளியிலிருந்து தாக்குதல் என்றால் நொடியில் பாதையை மாற்றுகிறது. சின்னப் பழுதென்றால் காத்திருக்கிறது. அவை தாமே சரியாகிவிடும் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. மேலாளர் என் பெயரைச் சரியாக உச்சரித்தார், முதன்முறையாக.

மார்ச் 9

அலுவலகத்தில் லைன் பழுது பார்க்கும் டெக்னீஷியன் அண்ணனுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. காரணம், பழுதுகள் தாமே சரியாகின்றன என்று காட்டிய என் வரைபடம்.

"உன் மெஷினுக்குப் பசிக்காது, லீவு கேக்காது. நானா இருந்தாலும் அதைத்தாம்மா வேலைக்கு வைப்பேன்."

அவர் சொன்னதும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஏப்ரல் 2

அவர் இல்லாத இரண்டாம் நாள். காலை 10.12க்கு அழைப்பு லைன் செத்தது. மாடல் காத்திருந்தது. அதை நம்பி நானும். பத்தொன்பது நிமிடம். பிறகுதான் அவருக்கு ஃபோன் செய்யத் தோன்றியது.

"மாடிப்படிக்குக் கீழ பெட்டி இருக்கில்ல, ரெண்டாவது கார்டைப் பிடுங்கித் திருப்பிச் சொருகு. வாரம் ஒரு தடவை மக்கர் பண்ணும்."

சொருகினேன், லைன் வந்தது. வாரம் ஒரு தடவையா? பதிவில் அப்படி எதுவும் இல்லையே—

ஏப்ரல் 3

இருக்கிறது. 'தானாகச் சரியானது' — நூற்று நாற்பத்தேழு முறை. எல்லாம் அவர் பணியில் இருந்த நேரம். மறுபடி ஃபோன்.

"நான் சரி பண்ணேன்னு எழுதினா மூணு பக்க ஃபாரம். இப்படி எழுதினா ஒரு வரி. யாரு படிக்கப்போறான்னு நெனச்சேன்."

மாடல் படித்தது. ஒரு வரி விடாமல்.

ஏப்ரல் 4

அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் யார் அழைத்தார்கள்? வந்துசேராத அழைப்புக்குப் பதிவு கிடையாது.

ஏப்ரல் 7

மேலாளரிடம் சொன்னேன்.

"ஒரு கார்டுக்காக மொத்தத்தையும் தப்புன்னு சொல்லுவியா? அதுல உன் பேருதானே இருக்கு?"

"அதனாலதான் சார்."

தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்தேன்.

ஏப்ரல் 8

வேலை போயிடுமா என்றாள் அம்மா. தெரியலம்மா.

ஏப்ரல் 21

மாடலை நிறுத்திவிட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். அண்ணனை ஆறு மாதத்துக்குத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். பழைய பதிவுகளைத் திருத்த, இருவருக்கும் ஒரே மேசை. ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"இது?"

"நான்தான்."

"இது?"

"நான்தான். அன்னிக்குக் காய்ச்சல்."

ஏப்ரல் இரண்டின் பதிவு வந்தது. 'சரிசெய்தவர்' கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: 'காத்திருந்தவர்'. அதில் என் பெயர்.