அந்த அம்மாவுக்குத் தெரியும்

அக்கா,

உங்கள் ஃப்ளாட்டின் ஜன்னல் கம்பிகளுக்கு இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். புதிதாக வாங்கியவர்கள் அடுத்த வாரம் குடிவருகிறார்களாம். காலையிலிருந்து தின்னர் வாசம் கதவிடுக்கு வழியாக என் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். காதில் விழவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இந்த வாசம் வந்தால் மற்றவர்களுக்குப் புதுவீடு நினைவுக்கு வரும். எனக்கு உங்கள் சின்னவனின் சட்டைதான் வருகிறது.

கரூரிலிருந்து நாங்கள் நெமிலிச்சேரிக்கு வந்தபோது இங்கே ஒருவரையும் தெரியாது. முதலில் கதவைத் தட்டியது நீங்கள்தான். ஆவடித் தொழிற்சாலையில் சிப்பாய்களுக்குச் சீருடை தைத்து ஓய்வுபெற்றவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்த ஃப்ளாட்டை வாங்கியவர், கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள் என்று அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டதும் முகத்தைச் சுளித்தீர்கள். "ஆன்ட்டி வேணாம்மா. எவளோ பால் பாக்கெட்டு கேக்கற மாதிரி கீது. அக்கான்னு கூப்பிடு."

பாப்பா பிறந்து நான் விடுப்பில் இருந்த மாதங்களில்தான் அந்தத் தொடர் நம்மைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டு சோபா. பாப்பா உங்கள் மடியில் தூங்குவாள். டிவியில் ஏதோ ஒரு துறைமுக ஊர், அங்கே லாரி வைத்து நடத்தும் ஒரு குடும்பம். வெளியே பார்த்தால் மரியாதையான மனிதர்கள். உள்ளே அப்பன் தொடங்கி வைத்த கடத்தல், மூன்று பிள்ளைகளும் அதில் கூட்டு. யாராவது வாயைத் திறந்தால் அந்த ஆள் அடுத்த வாரம் காணாமல் போவான். அந்த வீட்டு அம்மா மட்டும் எதையும் கேட்கமாட்டாள். பிள்ளைகள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் பரிமாறுவாள்.

"பாவங்க்கா அந்தம்மா. ஒண்ணுமே தெரியல அவங்களுக்கு" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

நீங்கள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினீர்கள். "தெரியும்மா. அந்தம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சிகினுதான் கொழம்பு ஊத்துறா."

அதற்கப்புறம் அடிக்கடி நிறுத்தத் தொடங்கினீர்கள். நல்ல கட்டமாக இருக்கும், துப்பாக்கியோடு ஒருவன் கதவுக்குப் பின்னால் நிற்பான். நீங்களோ அந்த அம்மா முகத்தைத் திரையில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் பிள்ளைகளை எனக்குப் பிடித்திருந்தது. பெரியவன் திருமழிசையில் மனைவி, கைக்குழந்தையோடு இருந்தான். சின்னவன் உங்களோடு. இருவரும் உங்கள் தம்பியோடு சேர்ந்து குழந்தைகளுக்கான பால் மாவு ஏஜென்சி நடத்தினார்கள். திருமழிசைக்கு உள்ளே தள்ளி ஒரு ஷெட்டில் சரக்கு வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். "கவர்மென்ட் வேல கெடைக்கலன்னா இன்னா, மாமனும் மருமவனுங்களும் ஒத்துமையா பொழைக்கறானுங்க" என்று பெருமையாகச் சொன்னதும் நீங்கள்தான்.

ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். சின்னவனின் சட்டையை என் மூக்கருகே நீட்டினீர்கள்.

"இது இன்னா வாசன, சொல்லு."

"பெயின்ட் மாதிரி இருக்குங்க்கா. தின்னர்."

"தொவச்சப்புறமும் போவல பாரு. பால் மாவு விக்கறவனுக்கு தின்னர் எதுக்கு?"

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவனுடைய சட்டைகளைத் தனி பக்கெட்டில் ஊறவைத்தீர்கள். மருமகள் வந்தபோது அவள் கையைப் பிடித்து விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். தோல் வெளுத்து உரிந்திருந்தது. "பாத்திரம் தேய்க்கற சோப்பு ஒத்துக்கல அத்தே" என்றாள். நீங்கள் தலையாட்டினீர்கள். நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்த டின். சின்னவன் ஒரு மாலை புது டின் ஒன்றோடு வந்து என் கையில் வைத்தான். "அக்கா, பாப்பாவுக்கு. நம்ம சரக்குதான், வெச்சிக்கங்க." நான் நன்றி சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து வந்து அதை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

"இவ புள்ள தாய்ப்பால்தான்டா குடிக்குது. வேணாம், எடுத்துனு போ."

பாப்பாவுக்கு டின் பால்தான் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனையோ முறை நீங்களே கலக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அவன் முன்னால் அத்தனை சுலபமாகப் பொய் சொன்னீர்கள். அவனும் ஒரு கணம் உங்களைப் பார்த்தான், டின்னை வாங்கிக்கொண்டு போனான். என்னை நீங்கள் பார்க்கவே இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உங்கள்மேல் சந்தேகம் வந்தது, அக்கா. அவர்கள்மேல் வருவதற்கு முன்பே உங்கள்மேல் வந்துவிட்டது. இவருக்கு என்ன தெரியும், எப்போதிலிருந்து தெரியும்? என் பிள்ளைக்கு வேண்டாம் என்று தடுத்தவர் மற்ற பிள்ளைகளை என்ன நினைத்தார்? வீட்டுக்கு வந்து பாப்பாவின் பழைய டின்களையெல்லாம் எடுத்து அடியில் அச்சடித்த தேதிகளைப் பார்த்தேன். அவை கடையில் வாங்கியவை, சரியாகத்தான் இருந்தன. அப்படியும் ஒன்றைக் குப்பையில் போட்டேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களாகவே வந்து, "ஞாயித்துக்கெழம எல்லாரும் சாப்ட வரானுங்க. நீயும் வா. கட்டாயம் வரணும்" என்றீர்கள். எதற்கென்று சொல்லவில்லை. அடுத்தவர் ஒருவர் கண்முன் இருந்தால் உங்களாலேயே பின்வாங்க முடியாது என்று நினைத்திருக்கலாம். இதுவும் என் ஊகம்தான்.

வஞ்சிரம் வறுத்திருந்தீர்கள். உங்கள் தம்பி, பெரியவன், சின்னவன் மூவரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மருமகள் குழந்தையோடு சோபாவில். எல்லோருக்கும் பரிமாறி, குழம்பை ஊற்றி, அவர்கள் முதல் கவளம் எடுத்ததும் கேட்டீர்கள்.

"ஷெட்டுல இன்னாடா பண்றீங்க?"

யாரும் நிமிரவில்லை. உங்கள் தம்பிதான் சிரித்தார். "இன்னாக்கா, அந்த டிவி பொட்டி முன்னாடியே உக்காந்துகினு உனக்கு ஊர்ல கீறவன் எல்லாம் திருடனா தெரியறானா?"

"டிவில அந்தம்மா கேக்கல. நான் கேக்கறேன்."

பெரியவன் நிதானமாகச் சொன்னான். "தேதி தாண்டின டின்னு கம்பெனிக்குத் திரும்பிப் போவும்மா. அதான் வாங்கறோம். தின்னர் போட்டு தேதிய தொடச்சிட்டு வேற தேதி போடறோம். உள்ள கீறது ஒண்ணும் கெட்டுப்போவல. எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்."

நீங்கள் மருமகள் பக்கம் திரும்பினீர்கள். "உன் புள்ளைக்கு அதத்தான் குடுக்கறியா?"

அந்தப் பெண் குழந்தையின் சட்டையை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "இல்ல அத்தே. பூந்தமல்லில எங்க அம்மா ஊட்டாண்ட மருந்துக்கடையில வாங்கறேன்."

பெரியவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். உங்கள் தம்பி தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். கதவருகே போய் நின்று என்னைக் காட்டி, "வெளியாள உக்கார வெச்சிகினு பேசற பேச்சாக்கா இது? நல்லா யோசிச்சிக்க. உன் புள்ளைங்கதான் போவானுங்க உள்ள" என்றார்.

"யோசிச்சிட்டுத்தான் சோறு போட்டேன்" என்றீர்கள்.

மறுநாள் திருவள்ளூர் ரயிலில் ஏறினோம். உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்க என்னைத் துணைக்கு அழைத்திருந்தீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே வந்தீர்கள். நான் வாயைத் திறந்தேன். என்ன கேட்கப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன எதுவும் கேக்காத கண்ணு. கேட்டா பொய் சொல்லிருவேன்."

ஷெட்டுக்கு சீல் வைத்தார்கள். மூவரையும் கைது செய்தார்கள். சில வாரத்தில் ஜாமீனில் வந்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாதம் ஒருமுறை உங்களிடம் குழந்தையைக் காட்டிவிட்டுப் போவாள், டீகூடக் குடிக்கமாட்டாள். சின்னவன் தன் துணிகளை எடுக்கவும் வரவில்லை.

நம் கட்டடத்தில் எல்லோரும் உங்களைப் பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். முதல் சில நாள் அப்படித்தான் இருந்தது. பிறகு லிஃப்ட்டில் நீங்கள் ஏறினால் பேச்சு நின்றது. மூன்றாம் மாடிப் பெண்மணி ஒருநாள் என்னை நிறுத்தி, "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? மாட்டிக்கப் போறோம்னு தெரிஞ்சதும் முந்திக்கிட்டாங்க. நீ குழந்தைய அங்க விடாத" என்றார். அவரோடு சண்டை போட்டேன். அப்படிப் பேசாதீர்கள், பெற்ற பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும் என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்ததும் அவர் கேட்ட அதே கேள்வி எனக்குள் உட்கார்ந்திருந்தது. பாப்பாவை உங்களிடம் விடுவதை நிறுத்தவில்லை. விட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டே காதை உங்கள் கதவிடம் வைத்திருந்தேன்.

தொடரின் அடுத்த பாகம் வந்தபோது பார்க்கலாமா என்று கேட்டேன். "வேணாம்மா. அந்தம்மா மூஞ்சிய பாக்கப் புடிக்கல" என்றீர்கள். அதன்பின் சனிக்கிழமைகளில் பாட்டு நிகழ்ச்சி ஓடியது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

உடம்பு விழுந்தபோது ஆவடி மருத்துவமனையில் உங்களோடு இருந்தது நானும் மருமகளும் மாறி மாறித்தான். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினீர்கள். பாப்பாவின் பல், மாடித்தொட்டி கறிவேப்பிலை, கேஸ் சிலிண்டர் என்று ஏதேதோ. நான் கிளம்ப எழுந்தபோது கையைப் பிடித்தீர்கள்.

"பெரியவன் வருவான். நான் இல்லன்னாலும் வருவான். வந்தா சோறு போடு."

"சரிங்க்கா."

"அவன் சொல்றத மட்டும் உடனே நம்பிடாத."

அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. மறுநாள் நான் வந்தபோது மருமகள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்ற விதமே சொல்லிவிட்டது.

காரியங்களைப் பெரியவன்தான் செய்தான். உங்கள் தம்பி எட்டிப்பார்க்கவில்லை. சின்னவன் தெருமுனையில் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுவிட்டுப் போனதாக வாட்ச்மேன் சொன்னார்.

சில மாதம் கழித்து, ஃப்ளாட்டை விற்க முடிவுசெய்து சாமான்களை ஏற்றிவிட வந்திருந்தான் பெரியவன். மத்தியானம். வேனுக்காக வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். நன்றாக இளைத்திருந்தான். உள்ளே கூப்பிட்டேன். சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல்தான் இருந்தது. தலை குனிந்து சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டான். தட்டைத் தானே கழுவி வைத்தான்.

"அக்கா, கேஸ்ல நீங்களும் சாட்சி. அதுக்காகச் சொல்லல. உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தான். "அம்மாவுக்கு மொதல்லேர்ந்தே தெரியும். அந்த ஷெட்ட பாத்து முடிச்சதே அம்மாதான். மாமா நாலு எடம் காட்டினாரு. அம்மா வந்து நின்னு பாத்துட்டு, இது ரோட்டுலேர்ந்து உள்ள கீது, யாரும் வரமாட்டாங்க, இதையே எடுங்கடான்னாங்க. கடைசில எங்கள மட்டும் மாட்டி வுட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ பழைய சமாசாரம்போலச் சொன்னான். கண்ணில் தண்ணீர் இருந்தது. நடிக்கிறானா என்று பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. சாட்சியைக் கலைக்க வந்தவனாகவும் இருக்கலாம். அம்மாவை இழந்த பிள்ளையாகவும் இருக்கலாம். இரண்டுமாகவும் இருக்கலாம். வேன் வந்தது, போய்விட்டான்.

நீங்கள் சொன்னபடி நான் நம்பவில்லை. கோர்ட்டில் கூப்பிட்டால் அன்று சாப்பாட்டின்போது கேட்டதை மட்டும் சொல்வேன், அவன் என் வீட்டில் சொன்னதைச் சொல்லமாட்டேன். உங்களைக் கூட்டுக் களவாணி என்று எவராவது சொன்னால் இன்றும் சண்டை போடுவேன். என் பிள்ளையை உங்கள் மடியில் தூங்கவைத்த சனிக்கிழமைகளை எவர் சொல்லியும் நான் திருப்பித் தரப்போவதில்லை.

ஆனாலும் ஒரு சொல் என்னோடு இருக்கிறது. ரயிலில், கியூவில், பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அவன் சொல்வதை நம்பாதே என்று நீங்கள் சொல்லவில்லை, அக்கா. உடனே நம்பாதே என்றுதான் சொன்னீர்கள்.