வெள்ளை மீனுக்கு வாங்கிய கண்ணாடி

என் பாக்கியம் சம்மந்திக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் கை போகிறது. போன இடத்தில் உனக்கு என்ன குறை இருக்கப் போகிறது? மூட்டுவலிகூட இங்கேயே நின்றிருக்கும். நாங்கள் எல்லோரும் சுகம். அஞ்சாம் வகுப்போடு நின்ற எழுத்து இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மற்றவர்கள் வாசித்தாலும் வாசிக்கட்டும். மறைக்கிற சங்கதி இல்லை, ஊருக்கே சொல்லவேண்டிய சங்கதி.

உன் மகனுக்கும் என் மகளுக்கும் பிறந்த திலகா, மாத்தளை டவுனில் ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு மீன்தொட்டி செய்து வைத்திருக்கிறாள். எட்டடி நீளம், பாக்கியம்! நம் பழைய தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் அதை வைத்தால் நாம் எல்லோரும் வெளியேதான் படுக்க வேண்டும்.

நீ இருந்தபோது உன் மகனின் இரத்தோட்டை வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டி இரண்டு கட்டி மீன் விட்டிருந்தாள், ஞாபகமா? "பொம்பளப் புள்ளைக்கு இந்தக் கவிச்சி எதுக்குடி?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே, யாரும் பார்க்காதபோது சோற்றுப் பருக்கை போட்டவள் நீ. இப்போது பன்னிரண்டு தொட்டி. ஏஞ்சல் என்று ஒரு சாதி மீன், இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி நிற்கும். அதில் வெளுத்ததாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சோடி சேர்த்து, குஞ்சு எடுத்து, மூன்று வருஷம் பாடுபட்டு, ஒரு கோடு ஒரு புள்ளி இல்லாத வெள்ளை மீனைக் கொண்டுவந்துவிட்டாள். அந்த மீன்களை ஊர் பார்க்கப் போகிற முதல் இடம் இந்தக் கிளினிக். அதனால்தான் கண்ணாடி விஷயத்தில் அவள் அப்படித் தவித்தாள்.

என்னையும் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்கார முஸ்லிம் நானா, சுண்டுவிரல் தடிப்பில் இரண்டு துண்டுகளை மேசையில் வைத்தார்.

"இது சாதாரண கண்ணாடி மகள். ஓரத்தப் பாருங்க, பச்சையா இருக்கும். இது இரும்பு கொறஞ்சது. கொழும்பிலருந்து எடுக்கணும், வெலயும் கூட. லேசாக் கீறலும் விழும், கவனம்."

"கண்ணாடிக்குள்ள ஏது மொதலாளி இரும்பு?" என்று கேட்டேன்.

"மண்ணத்தானே உருக்குறாங்க உம்மா. மண்ணோட வந்த இரும்புதான் அந்தப் பச்சை. தடிப்பு கூடக் கூடப் பச்சையும் கூடும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது நம் இரண்டு பேருக்கும் இரும்புச் சத்து குறைவு என்று மருத்துவிச்சி எத்தனை ஏச்சு ஏசினாள்! கண்ணாடிக்கு மட்டும் குறைந்தால் விலை கூடுகிறது.

இரண்டு துண்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்தோம். ஓரம்தான் வேறே, மற்றபடி ஊடாகப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

உன் மகன் செல்வராஜ் சும்மா இருப்பானா? "தண்ணி ஊத்துனா எல்லாம் ஒண்ணுதான். மீன் என்ன, கண்ணாடியா கேட்டுச்சு?"

"நீங்க பேசாதீங்கப்பா. தேங்காத் தும்பும் மணலும் போட்டு நீங்க தொட்டி தேய்க்கிற தேய்ப்புக்கு, அந்த நல்ல கண்ணாடி ஒரு மாசம் தாங்காது."

"அப்ப சாதாரணத்தயே வாங்கு. பிரச்சினை முடிஞ்சுது!"

அவளும் கடைசியில் மனம் விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் கடைக்கார நானாவுக்குப் போன் போட்டுச் சாதாரணக் கண்ணாடியையே சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள். அந்த நேரம் எனக்கு நீ ஞாபகம் வந்தாய்.

தேயிலை பெக்டரியில் டீ ருசி பார்க்கிற அறையில் கோப்பை கழுவினாயே. லைட்டை அணைத்து, ஜன்னலைத் திறந்து, வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்தால்தான் டீ மேக்கர் ஐயா நிறம் பார்ப்பார் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! "கொஞ்சம் பொறு புள்ள" என்று சொல்லிவிட்டு, இரண்டு வெள்ளைக் கோப்பையில் பால் இல்லாத பிளேன்டி ஊற்றி முற்றத்தில் வெயில் படாத இடத்தில் வைத்தேன். முன்னால் கோப்பைக்கொரு கண்ணாடி. குனிந்து, நிமிர்ந்து, பெரிய டீ மேக்கர் மாதிரி பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று தீர்ப்பும் சொன்னேன்.

திலகா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மாயி, நாம என்ன டீயா விக்கப் போறோம்? என் மீனு வெள்ளையாச்சே!"

டீயைக் கொட்டினாள். கோப்பைகளைக் கழுவித் துடைத்து வெறுமனே வைத்தாள். பிறகு குனிந்து பார்த்தவள் எழும்பவே இல்லை. நானும் குனிந்தேன். இரும்பு குறைந்த கண்ணாடிக்குப் பின்னால் கோப்பை வெள்ளையாகவே இருந்தது. மற்றதற்குப் பின்னால் பாசிக் கிணற்றுக்குள் கிடந்து எடுத்தது மாதிரி இருந்தது. செல்வராஜும் வந்து பார்த்தான். நல்ல துண்டை எடுத்துத் திலகா கையிலேயே கொடுத்தான். அவன் விட்டுக்கொடுப்பது எப்பேர்ப்பட்ட வெற்றி என்று உனக்குத் தெரியும், பெற்றவள் நீதானே.

டாக்டரம்மாவிடமும் அந்தக் கோப்பையையும் துண்டுகளையுமே கொண்டுபோய்க் காட்டினாள். அந்தம்மா பார்த்த உடனே சரி என்றாராம். ஆட்கள் நின்று பார்க்கிற முன்பக்கத்துக்கு மட்டும் நல்ல கண்ணாடி, அடிக்கும் மற்றப் பக்கங்களுக்கும் சாதாரணம் என்று முடிவானது. தும்பு இருந்த வாளியைத் திலகா ஒளித்து வைத்துவிட்டு, பஞ்சு ஒன்றை அப்பன் கையில் கொடுத்து, "பச்சப் புள்ளைக்கு மொகம் கழுவுற மாதிரி கழுவணும்" என்றாள். அவனும் அப்படித்தான் கழுவுகிறான். நம்புவாயா?

கிளினிக்கில் தொட்டியைத் திறந்த அன்று என்ன நடந்தது தெரியுமா? இருபது மீனும் புது இடத்துக்குப் பயந்து, தொட்டிக்குள் அழகுக்குப் போட்ட மரக்கட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. வந்தவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்து, நல்லா இருக்கு நல்லா இருக்கு என்றார்கள். திலகா நகத்தைக் கடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். மூன்று வருஷப் பாடு கட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதே!

கன்னம் வீங்கிய ஒரு சிங்களப் பிள்ளை, தாயின் சட்டையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள். ஐந்து வயது இருக்கும். கட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு மீன் மெதுவாக வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிள்ளை அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, "அம்மே, சுது மாளு!" என்று கத்தினாள்.

வெள்ளை மீன்! வேறே யார் சொல்லியிருந்தாலும் திலகா நம்பியிருக்க மாட்டாள். அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. பிள்ளையின் மூக்குப் பட்ட இடத்தைத் துடைக்க ஒரு நர்ஸ் ஓடி வந்தார். "இருக்கட்டும் மிஸ், இருக்கட்டும்" என்று திலகா தடுத்துவிட்டாள். நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அழுதிருப்பாயா, என்னை இடித்திருப்பாயா?

ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாத்தளைக்கு பஸ் ஏறி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அந்தக் கிளினிக் நாற்காலியில் போய் உட்காருவேன். பிடுங்குவதற்கு என் வாயில் ஒரு பல் மிச்சமில்லை, இருந்தாலும் போவேன். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும், பல்வலியோடு வந்தாலும் சரி, இது யார் செய்த தொட்டி, யார் வளர்த்த மீன், யாருடைய பேத்தி என்று சொல்லாமல் எழும்ப மாட்டேன். உன் பெயரை முதலில் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் பேத்திக்கு அம்மாயி, உனக்கு என்றைக்கும் சம்மந்தி
ராசம்மா