இரண்டு என்று சொன்ன வலி

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள விசாலி,

பெர்த்தில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். உன் போன கடிதத்தில் ஒரே வாரத்துக்கு இரண்டு தேதி போட்டிருந்தாய். கண்ணாடியை மாற்று.

ஒரு பல் விஷயமாக உன்னைக் கேட்க வேண்டும். முப்பது வருடம் பள்ளிக்கூடங்களில் பல் தாதியாக இருந்தவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். கீழே, வலது பக்கம், கடைவாய்ப் பல். பிரபாகர் பிறந்த மறு வருடம் வெள்ளி வைத்து அடைத்தது. மூன்று மாதமாக அதில் கூச்சம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் தலைவரைக்கும் போகிறது. தோசையின் ஓரத்தைக் கூட அந்தப் பக்கம் கடிக்க முடியவில்லை. இடது பக்கமே மென்று மென்று, இப்போது அங்கே இருக்கும் பழைய ஃபில்லிங்கும் முணுமுணுக்கிறது. அதனால் பெரும்பாலும் கஞ்சிதான்.

கிளினிக்குக்குப் போகாமல் இல்லை. டாக்டர் பெயர் ரக்ஷனா, சின்னப் பெண், கைகள் சுத்தம். பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலிக்கு ஒரு எண் சொல்லச் சொன்னாள். இரண்டு என்றேன். பல்லைத் தட்டிப் பார்த்தாள், நான் அசையவில்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லையாம். "வயசானா கொஞ்சம் கூச்சம் வரும் ஆன்ட்டி, இந்த பேஸ்ட் போட்டு ரெண்டு வேளை தேய்ங்க" என்று அனுப்பிவிட்டாள். இரண்டு ட்யூப் தீர்ந்துவிட்டது. பலன் இல்லை. இந்தக் காலத்துப் படிப்பு இவ்வளவுதானா என்று உன்னைக் கேட்கிறேன்.

இதைவிடப் பெரிய தொந்தரவு பிரபாகர். போன ஞாயிறு என் ரவிக்கை தொளதொளவென்று இருப்பதைப் பார்த்து எடைக்கருவியில் ஏற்றிவிட்டான். நான்கு கிலோ குறைந்திருக்கிறேன். அம்மாவுக்குப் பசி போய்விட்டது, தனியாக இருந்து மனசு விட்டுப்போச்சு என்று சமையலறையில் தாரணியிடம் சொல்வது எனக்குக் கேட்டது. மருமகள் தலையாட்டினாள். இந்த வீட்டை விற்றுவிட்டு நான் புக்கிட் பாத்தோக்கில் அவர்களோடு வந்துவிட வேண்டுமாம். வீட்டு ஏஜெண்டிடம் பேசிவிட்டான். அக்டோபர் ஐந்தாம் தேதி வந்து பார்ப்பாராம்.

என் வீடு, விசாலி. என் பெயரில் இருக்கும் வீடு. என் சாவி, என் அலமாரி, நான் நினைத்தபோது அணைக்கிற விளக்கு. ஒரு பல்லுக்காக இதை விடுவதாக இல்லை.

நல்ல பற்பசை எது என்று மட்டும் எழுது.

உன்
சந்திரமதி

-----

பெர்த்
14 ஆகஸ்ட் 2024

அடி மதி,

தேதியைத் திருத்துகிற உனக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் பட்டால் தலைவரைக்கும் போகிற வலி, தோசையைக் கடிக்க விடாத வலி, நான்கு கிலோவைத் தின்ற வலி, அது இரண்டா? அந்தப் பெண்ணின் படிப்பில் ஒரு குறையும் இல்லை. நீ இரண்டு என்றாய், அவள் இரண்டுக்கு மருந்து கொடுத்தாள்.

எனக்கு உன்னைத் தெரியாதா? கான்வென்ட்டில், எட்டாம் வகுப்பில், இசைக்குழுவுக்கு நிற்கும்போது கதவில் விரல் நசுங்கி, நான்கு பாட்டும் பாடி முடித்துவிட்டுத்தான் கையை நீட்டினாய். நகம் கறுத்திருந்தது. வலியை வாய்விடாமல் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளை என்று சிஸ்டர் எல்லோர் முன்னாலும் உன்னைப் பாராட்டினார். அந்த வகுப்பில் ஒப்புக்கொடுக்க நாம் இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்கூட இல்லை. ஆனாலும் நீ அந்தப் பாராட்டை அறுபது வருடமாகக் கீழே வைக்கவில்லை.

பற்பசையை விடு. நாற்பத்தைந்து வருடத்து வெள்ளி, ஓரத்தில் கசியலாம். இல்லையென்றால் அதைச் சுற்றி நிற்கும் பல்லில் விரிசல் விட்டிருக்கலாம். எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம். ரொம்ப மெல்லிய விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். நோயாளி வாயைத் திறந்து சொன்னால்தான் டாக்டர் அதைத் தேடுவார். விரிசல் வேர்வரைக்கும் இறங்கினால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழி கிடையாது. அதற்குள் போ.

எண் சொல்ல வரவில்லை என்றால் எழுதி வை. அதில்தான் நீ கெட்டிக்காரி ஆயிற்றே. குளிரிலா சூட்டிலா, எத்தனை விநாடி நிற்கிறது, கடிக்கும்போதா அல்லது கடித்ததை விடும்போதா. கடைசிக் கேள்வியை மறக்காதே.

பிரபாகரிடம் பல்வலி என்று ஏன் இன்னும் சொல்லவில்லை? அதற்கு ஒழுங்கான பதில் வர வேண்டும்.

உன்
விசாலி

-----

சிராங்கூன் ரோடு
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள விசாலி,

அறுபது வருடம் இல்லை, அறுபத்தொன்று. நசுங்கியது ஒரு விரல் இல்லை, இரண்டு.

நீ சொன்னபடி எழுதி வைத்தேன். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து விநாடி எண்ணினேன். குளிர்ந்த தண்ணீருக்குப் பதினொரு விநாடி. சூடான கோப்பிக்கு நான்கு, சில நாள் ஐந்து. பிஸ்கட்டைக் கடிக்கும்போது ஒன்றும் இல்லை, பல்லை எடுக்கும்போது ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. பத்து நாளில் பதினேழு தடவை. அந்தப் பிஸ்கட் விவரத்தை எழுதியபோது உன்னை நினைத்து எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் நீ கேட்காமலிருந்தால் நான் கவனித்திருக்க மாட்டேன்.

ஒழுங்கான பதில் கேட்டாய். சொல்கிறேன். ரத்னவேலுக்கு வயிற்றில் புற்றுநோய் பரவிக் கிடந்த அந்த ஐந்து மாதமும் நான் கட்டிலருகில் இருந்தேன். தாதி தினமும் வந்து இதே கேள்வியைக் கேட்பாள், பூஜ்யத்திலிருந்து பத்துவரை என்று. அவர் பத்து என்பார். அந்த முகத்தைப் பார்த்தவள் நான். அதற்குப் பிறகு ஒரு பல்லுக்கு ஏழு, எட்டு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிரபாகரும் தன் அப்பாவின் அந்த முகத்தைப் பார்த்தவன்தான். வலி என்ற சொல்லை என் வாயிலிருந்து அவன் கேட்க வேண்டாம் என்றிருந்தேன்.

ஆனால் சொல்லாததன் பலன் வேறு மாதிரி வந்துவிட்டது. சனிக்கிழமை தாரணி மீன் வறுத்துக் கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. பிரபாகர் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, என்னம்மா செய்யுது? வாயத் தெறந்து சொல்லுங்க" என்றான். எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவன் முகம் அப்படியே விழுந்துவிட்டது. ஒன்றும் இல்லாமல் சாப்பாட்டை வெறுக்கிறவளைத் தனியாக விட முடியாது என்று முடிவு கட்டிவிட்டான். எனக்கான அறைக்கு இளம் பச்சை வண்ணம் அடித்தாகிவிட்டதாம். எனக்கு இளம் பச்சை பிடிக்காது.

செப்டம்பர் 21 டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். தனியாகப் போய்க் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வருவேன். அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

உன்
சந்திரமதி

-----

பெர்த்
8 செப்டம்பர் 2024

மதி,

இந்தக் கடிதம் கோபத்தில் எழுதுவது, அதனால் சின்னது.

தனியாகப் போகக் கூடாது. பிரபாகரைக் கூட்டிக்கொண்டு போ. உன் வாயில் விரிசல் இருக்கிறது என்பதை அவன் காதால் கேட்கட்டும். இல்லையென்றால் பல்லைச் சரிசெய்துகொண்டு பச்சை அறையில் போய் உட்காருவாய்.

ரத்னவேலைப் பற்றி எழுதியிருந்தாய். கடைசி மாதத்தில் ஒரு வாரம் உன்னோடு தங்க நான் வந்திருந்தேன், நினைவிருக்கிறதா? அவர் பத்து என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்தத் தாதி மருந்தைக் கூட்டினாள். கால் மணி நேரத்தில் அவர் தூங்கினார். இரண்டு என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பாரா? அவர் கேட்டு வாங்கிக்கொண்டார், மதி. அவருடைய மரியாதை அதில் ஒரு துளி குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்ததா?

21ஆம் தேதிவரை வலது பக்கம் எதையும் கடிக்காதே.

விசாலி

-----

சிராங்கூன் ரோடு
14 அக்டோபர் 2024

என் அன்பு விசாலி,

பதில் தாமதமானதற்குக் காரணம், முழு விவரமும் கையில் வந்த பிறகே எழுதுவது என்று வைத்திருந்தேன்.

உன் கேள்விக்கு முதலில் பதில். இல்லை, அவர் மரியாதை குறைந்ததாக எனக்கும் தெரியவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்த அன்று வேறு எதுவும் செய்ய ஓடவில்லை. மறுநாள் பிரபாகரிடம் தொலைபேசியில் பேசி, பல் டாக்டரிடம் துணைக்கு வா என்றேன். எந்தக் கிளினிக், எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை கேட்டான். துணைக்கு வா என்று நான் அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு தாரணி சொன்னாள்.

டாக்டர் ரக்ஷனா மறுபடியும் எண் கேட்டாள். நான் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தேன். விநாடிகள், கோப்பி, பிஸ்கட், எல்லாம். கடிக்கும்போது இல்லை, விடும்போதுதான் என்ற வரியில் அவள் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, அப்ப அன்னைக்கு ஏன் ரெண்டுன்னீங்க?" என்று கேட்டாள். அது மரியாதைக்காகச் சொன்னது, சரியான எண் எட்டு என்றேன். நாற்காலிக்குப் பின்னால் பிரபாகர் நின்றிருந்தான். அவன் மூச்சை இழுப்பது கேட்டது.

பிறகு ஒரு சின்னப் பிளாஸ்டிக் குச்சியைப் பல்லின் ஒவ்வொரு மூலையிலும் வைத்துக் கடித்து விடச் சொன்னாள். மூன்றாவது மூலையில் விட்டபோது நான் கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு. நானே கேட்டிராத குரல் அது. "அதேதான்" என்று அந்தப் பெண் கிட்டத்தட்ட மகிழ்ச்சியாகச் சொன்னாள். மரத்துப்போக ஊசி போட்டு, பழைய வெள்ளியை எடுத்து, உள்ளே படம் பிடித்துத் திரையில் காட்டினாள். நீ சொன்னதேதான். தலைமுடி கனத்தில் கறுப்பாக ஒரு கோடு. இன்னும் வேரைத் தொடவில்லை, நரம்பும் பிழைத்திருக்கிறது, இரண்டு மாதம் விட்டிருந்தால் பல் போயிருக்கும் என்றாள். அன்றே பல்லின் மேல் தற்காலிக உறை போட்டாள். இடது பக்கத்து ஃபில்லிங்கையும் பார்த்தாள். அதில் கசிவுதான், வேறு அடைத்துத் தந்தாள்.

லிஃப்ட்டில் இறங்கினோம். கீழே வந்ததும் பிரபாகர் என் கைப்பையை வாங்கிக்கொண்டு, "நாலு மாசமா பல்வலியாம்மா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன் லா. அப்பா மாதிரி ஆயிடுமோன்னு பயந்துட்டேன்" என்றான். நாற்பத்தாறு வயதுப் பிள்ளை, நடைபாதையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். நான் மறைத்தது அவனுக்காக என்று எழுதியிருந்தேன் அல்லவா, அந்த வரியை அடித்துவிடு. "தப்பு என் மேலதான், தம்பி" என்றேன். நான் அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லி நீ கேட்டிருக்க மாட்டாய், அதனால் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் ஐந்து காலையில் நிரந்தர உறை பொருத்தியாகிவிட்டது. கடித்துப் பார்க்கச் சொன்னார்கள். உயரம் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினேன். மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தது. அங்கிருந்து நேராகத் தேக்கா சந்தைக்குப் போய், பிரபாகர், தாரணி இருவருக்கும் எதிரில் ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கி, பனிக்கட்டியை வலது பக்கமே வைத்து மென்றேன். சத்தம் வரும்படி. தாரணி தட்டில் மட்டன் எலும்பு ஒன்று இருந்தது, அதையும் கேட்டு வாங்கினேன். அதற்குமுன் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. நன்றாகச் சிரிக்கிறாள். பல் வரிசை சுத்தம்.

மூன்று மணிக்கு ஏஜெண்ட் வந்தார், கோவிந்தராசு என்று ஒருவர், காலணியை வாசலில் நேராகக் கழற்றி வைத்தார். நல்ல மனிதர். நான் வாய் திறக்குமுன் பிரபாகரே எழுந்து, வீடு விற்பதற்கு இல்லை, அலைய வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். அவருக்குத் தேநீரும் இரண்டு ரொட்டியும் கொடுத்து அனுப்பினேன். எடை இன்றைக்கு ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது.

இன்னொன்று. போன வியாழன் காலை எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து யோசித்தேன். பிறகு பிரபாகரை அழைத்து, முழங்கால் வலிக்கிறது, ஐந்து, படி ஏறினால் ஆறு என்றேன். விசாலி, அவன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை முடிந்து ஒரு புட்டி தைலத்தோடு வந்து நின்றான். மட்டமான தைலம், மூக்கை அரிக்கிறது. வேறு வாங்கி வா என்று அனுப்பினேன்.

போனான்.

உன்
சந்திரமதி