தண்ணீர் இல்லாமல் ஓட்டிய படகு

முலுண்ட்,
14-10-2025

கணேசபாண்டியன் அவர்களுக்கு,

'அன்புள்ள அத்தான்' என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது. நலம் விசாரிக்கவும் மனசில்லை. உங்கள் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், விஷயம் அங்கேயே நின்றுவிடும். தாளில் கத்த முடியாது. எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாஹுல் ஜெட்டிப் பக்கம் நீங்கள் சொன்னதை மறந்திருப்பீர்கள். எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. படகு நின்று, நீரோட்டத்தில் இழுபட்டுப் போய்க் கண்டல் காட்டுச் சேற்றில் செருகியதும், "ஏல மாரி, இதுக்குத்தாம்ல சொன்னேன், பொம்பளைய ஏத்தாதன்னு! மொத மொத எறக்குத படகுல பொம்பள கால் பட்டா வெளங்குமா?" என்று என் தம்பியைப் பார்த்துச் சத்தம் போட்டீர்கள். கயிறு கொண்டு வந்த ஆறு மீன்காரர்களுக்கும் புரியாமல் போய்விடுமோ என்று இந்தியில் இன்னொரு தடவை சொன்னீர்கள். அவர்கள் சிரித்தார்கள். படகில் நம்மோடு இருந்த லேத்காரர் உதுமான் பாய் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

படகு ஏன் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிற பம்பில்தான் வலு இல்லை. அடியில் சுழல்கிற காற்றாடி இல்லாத ஜெட் படகில் அந்தப் பம்பு செத்தால் எல்லாம் செத்தது. அதைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது, உள்ளே இருக்கிற ரப்பர் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய் என்று நீங்களேதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஆயுத பூஜைக்கு லேத், டிரில், கம்ப்ரசர் எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டிக் காட்டுகிற வழக்கப்படி, டிராலியில் நின்ற படகையும் ஓட்டினீர்கள். வேண்டாம் என்றேன். "ரெண்டே செகண்டு மகேசு" என்றீர்கள். நான் வீட்டில் சுண்டல் தாளித்து, பாத்திரத்தில் கொட்டி, மூடி போட்டு எடுத்துக்கொண்டு வருகிற வரைக்கும் சத்தம் கேட்டது.

பம்பைக் கழற்றிப் பாருங்கள்.

மகேஸ்வரி


தாராவி,
17-10-2025

மகேசுக்கு கணேசபாண்டியன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நான் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும். பிழை இருந்தால் உன் தம்பியோடு சேர்ந்து சிரித்துக்கொள்.

ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அதுவும் படகு கையை விட்டுப் போகிற நேரத்தில் வாயில் வந்தது. அதற்கு ஒருத்தி வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போவாளா? மகள் ஹாஸ்டலில் இருந்து தினமும் கேட்கிறாள். நான் என்ன சொல்ல? தினமும் மாட்டுங்கா போய் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். ரசம் பரவாயில்லை. மற்றதெல்லாம் வாயில் வைக்க முடியவில்லை.

ஆயுத பூஜை அன்று பத்து செகண்டுக்கு மேல் ஓட்டவில்லை. எஞ்சினுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்துத்தான் ஓட்டினேன். இருபத்தாறு வருஷமாக எஞ்சின் பார்க்கிறவனுக்கு நீ பாடம் எடுக்காதே. பம்பு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுத்தாலும் வலு போகும். காற்று எங்கே நுழையும்? பம்பின் வாயைச் சுற்றி நீ ஒட்டிய ஃபைபரில் பொட்டு ஓட்டை இருந்தால் போதும். கோபப்படுவதற்கு முன் உன் வேலையை யோசித்துப் பார்.

கணேசபாண்டியன்


முலுண்ட்,
22-10-2025

கணேசபாண்டியன் அவர்களுக்கு,

தீபாவளிக்கு உதுமான் பாய் வீட்டு சைனப் அக்காவிடம் சேலை கொடுத்தனுப்பியிருந்தீர்கள். அக்கா பாவம், ரயிலில் நெரிசல்பட்டு வந்தார்கள். அவர்களுக்காக வாங்கிவைத்தேன். பிரிக்கவில்லை.

என் வேலையில் ஓட்டையா?

தாருகானா பழைய இரும்புக் கடையில் அந்தப் படகைப் பார்த்தபோது அது படகாகவா இருந்தது? ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ பணக்காரர் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது, உள்ளே கட்டை மக்கி, பூனை குட்டி போட்டிருந்தது. "எஞ்சின் என் பாடு, உடம்பு உன் பாடு" என்றீர்கள். ஏப்ரல் மாதம் அந்தத் தகர ஷெட்டுக்குள் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே ஐந்து அடுக்கு ஃபைபர் ஒட்டினேன். ரெசின் பசை சொட்டிப் பாதிப் புருவம் போனது. வாரக்கணக்கில் உடம்பெல்லாம் அரிப்பு. பிறகு நீங்கள் பழைய எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் வேண்டாம், டீசல் ஏற்றுகிறேன் என்றீர்கள். அறுபது கிலோ கூடுதல். எஞ்சின் உட்கார நான் கட்டியிருந்த படுக்கையை உடைத்து மறுபடியும் கட்டினேன். ஒரு வார்த்தை முணுமுணுத்தேனா?

சோதிப்பது சுலபம். பம்பின் வாயைக் கட்டையால் அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க வையுங்கள். உதுமான் பாய் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு சொட்டு கசிந்தாலும் நானே வந்து உங்கள் காலில் விழுகிறேன், இனிமேல் ஃபைபர் பக்கமே போவதில்லை. கசியவில்லை என்றால் பம்பைத் திறந்து, உள்ளே இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள்.

மகேஸ்வரி


தாராவி,
28-10-2025

மகேசு,

கசியவில்லை. போதுமா?

ஒரு நாள் என்றாய், இரண்டு நாள் வைத்தேன். ஒரு சொட்டு இல்லை. பிறகு பம்பைக் கழற்றினோம். ரப்பர் பேரிங் கருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டு ஆடி, உள் சுவரையெல்லாம் தேய்த்திருக்கிறது. உதுமான் பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பத்து செகண்டு இல்லை. நாலு நிமிஷம் இருக்கும். சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பியதும் அந்த டீசல் பிடித்த சத்தம் பக்கத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும் மகேசு, நீ அடுப்படியில் இருந்தாய். சந்து முழுக்க ஆள் வந்துவிட்டது. மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "பாண்டியண்ணே, இன்னுங் கொஞ்சம் முறுக்குங்க" என்றான் ஒருத்தன். என்னால் அணைக்க முடியவில்லை. என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

உதுமான் பாய் தன் லேத்தில் பம்புக்குள் மாட்டப் புது உறை கடைந்து கொடுத்தார். பேரிங் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வா. உன் கோபம் நியாயம்தான், ஒத்துக்கொண்டேனே, இன்னும் என்ன?

கணேசபாண்டியன்


முலுண்ட்,
2-11-2025

அத்தானுக்கு,

உண்மையை எழுதியதற்குச் சந்தோஷம். நாலு நிமிஷம் என்று படித்ததும் சிரிப்புகூட வந்தது. உங்களைத் தெரியாதா எனக்கு? நாலு பேர் பார்த்தால் உங்களுக்குக் கை நிற்காது.

ஆனால் பேரிங்குக்காகவா நான் வீட்டை விட்டு வந்தேன்? பேரிங் கருகும், மாற்றலாம். என் ஆத்திரம் அதில் இல்லை.

அன்றைக்கு நின்றுபோவதற்கு முன்னால் அரை நிமிஷம் அது ஓடியது, கவனித்தீர்களா? மூக்கைத் தூக்கி, பிறகு அமர்ந்து, அடிப்பாகம் தண்ணீரை விட்டு மேலே வந்து வழுக்கிக்கொண்டு போனது. நான் கட்டிய உடம்பு. கையைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன், ஒரு நடுக்கம் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. நம் கல்யாணத்தன்றுகூட இல்லை, தப்பாக நினைக்காதீர்கள். அடுத்த நிமிஷம் நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். படகே என்னால் கெட்டுப்போன மாதிரி. அப்புறம் கடல் ஏறி, நம் படகும் மீன்காரர்கள் படகும் மிதக்கிற வரைக்கும் ஐந்து மணி நேரம். ஒன்பது ஆண்களுக்கு நடுவே, ஒதுங்க இடமில்லாமல், காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நீங்களும்தான்.

எனக்கு இரண்டு வேண்டும். அந்த எட்டுப் பேருக்கும் முன்னால், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தப்பு யாருடையது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அடுத்த தடவை படகு இறங்கும்போது ஸ்டியரிங் என் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நாள் பார்த்து எழுதுங்கள். முதல் ரயிலுக்கே வருகிறேன்.

சேலையைப் பிரித்தேன். நிறம் நன்றாக இருக்கிறது.

உங்கள்
மகேஸ்வரி


தாராவி,
8-11-2025

அன்புள்ள மகேசுக்கு,

நல்ல செய்தி! படகு ஓடிவிட்டது!

இன்று காலை மாஹுலில் கடல் நல்ல ஏற்றம். உதுமான் பாயும் நானும் இறக்கினோம். சாவியைத் திருப்பினேன், பிடித்தது, போனது பார், ட்ராம்பே வரைக்கும் போய்த் திரும்பினோம். எஞ்சின் சூடு ஏறவே இல்லை. வளைத்தால் நின்ற இடத்திலேயே திரும்புகிறது. நீ ஒட்டியதில் ஒரு கீறல் இல்லை. அந்த மீன்காரர்கள் ஆறு பேரும் ஜெட்டியில் நின்று விசில் அடித்தார்கள்.

நீ கேட்டதை மறக்கவில்லை. படகிலிருந்து இறங்கியதும் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன், "கல்தி மேரா தா, உஸ்கா நஹி", தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை என்று. அப்புறம் மாரிக்கு போன் போட்டு அவனிடமும் சொன்னேன். மொத்தம் எட்டுப் பேர், கணக்குச் சரி. எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா? ஆனாலும் சொன்னேன். உதுமான் பாய் சாட்சி.

உன்னைக் கூப்பிட்டுவிட்டு, மறுபடியும் நடுவில் நின்றுபோனால் உனக்குத்தானே கஷ்டம் என்றுதான் முன்கூட்டியே சொல்லவில்லை. முதலில் சரியாக ஓடட்டும், அப்புறம் உன்னை ராணி மாதிரி உட்கார வைக்கலாம் என்று நினைத்தேன். இனி கோபம் எதற்கு? பெட்டியைக் கட்டு. அடுத்த ஞாயிறு உன்னை ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போகிறேன்.

உன்
கணேசபாண்டியன்


முலுண்ட்,
12-11-2025

கணேசபாண்டியன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மாரிக்கண்ணன் ஆபீசிலிருந்து வந்து அன்றைக்கே சொல்லிவிட்டான், மச்சான் மன்னிப்புக் கேட்டார் என்று. அவனுக்கு ஒரே பெருமை. நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

படகு நன்றாக ஓடியதில் எனக்குச் சந்தோஷம். அதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. தப்பு உங்களுடையது என்று நீங்கள் சொன்னதையும் கேட்கவில்லை. என்னை வைத்துக்கொண்டு செய்யச் சொன்ன இரண்டையும் நான் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்திருக்கிறீர்கள். முதல் நாள் நான் ஏறியதால் நின்றது என்றீர்கள். இப்போது நான் ஏறாமல் ஓடியிருக்கிறது. அந்த ஆறு பேரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

இங்கே பாண்டுப்பில் ஒரு ஷெட் பார்த்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி, கதவு எல்லாம் ஃபைபரில் செய்து கொடுக்க ஆர்டர் இருக்கிறது. சனிக்கிழமை மாரிக்கண்ணன் டெம்போ கொண்டு வருவான். என் அச்சுகள், உருளைகள், ரெசின் டிரம் மூன்றையும் ஏற்றிவிடுங்கள். மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். படகை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதங்கள் மூன்றையும் நேற்று மறுபடி எடுத்து வாசித்தேன். எட்டுப் பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வரியிலும் கேட்கவில்லை.

மகேஸ்வரி